வெள்ளாவியும் ஏழரையும்

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் நாத்தனாரைப் பார்க்கிறேன். என் வீட்டுக்காரரோடு இருந்ததைவிட அவளோடுதான் அதிக நேரம் ஒரே கூரைக்குள் இருந்திருக்கிறேன். அப்படியும் அவள் எவ்வளவு பேசக்கூடியவள் என்பது ஒரு கைப்பேசித் திரையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியவந்தது.

அவளுக்கு ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவில் வேலை. கட்டடத்துக்கு அடியில் ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் ஆள் உயரத்துக்குத் துவைக்கும் இயந்திரங்கள், மறுபக்கம் உலர்த்தும் இயந்திரங்கள், நடுவில் சூடான உருளைகள். ஈரம் முழுக்கப் போகாத படுக்கை விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாகப் பிடித்து உருளைக்குள் ஊட்டினால் அந்தப் பக்கம் மொடமொடவென்று வந்து விழும். வருஷக்கணக்காக அந்த இரைச்சலில் நின்று அவளுக்குக் காது மந்தமாகிவிட்டது. முழுச் செவிடு இல்லை. எதிரில் நின்று, வாயசைவு தெரியும்படி பேசினால் பாதியைக் கேட்பாள், மீதியை ஊகித்துக்கொள்வாள். ஊகம் தப்பினால்தான் வம்பு. ஒருமுறை நிறுத்தத்தில் ஒருவர், "பஸ் வந்துதா?" என்று கேட்டதற்கு, "இல்ல, பசிக்கல" என்று சொல்லிவிட்டாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். வீட்டுக்கு வந்து அன்றைக்கெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். "உம்", "சரி", "இருக்கட்டும்". இந்த மூன்று வார்த்தைகளிலேயே வீட்டுக் காரியம் முழுவதையும் ஓட்டிவிடுவாள். வரன் பார்க்க வந்தவர்களுக்கும் அதே பதில்தான். வந்தவர்கள் அழுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டு போனார்கள். நாற்பதைத் தாண்டியதும் அவளே என்னிடம், "போதும் அண்ணி, இனி யாரையும் கூட்டிட்டு வர வேணாம்" என்றாள். அவள் சேர்ந்தாற்போல அவ்வளவு பேசியதே எனக்கு அதிசயமாக இருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு விளையாட்டைக் கைப்பேசியில் ஏற்றிக்கொண்டு வந்தது அதற்கு அடுத்த வருஷம். விண்வெளியில் சாம்ராஜ்யம் கட்டுகிற விளையாட்டு. ஆளுக்கொரு கிரகம் கொடுப்பார்கள். அதில் சுரங்கம் தோண்டலாம், கப்பல் கட்டலாம், புதுக் கிரகங்களில் குடியேறலாம், அடுத்தவன் கிடங்கைக் கொள்ளையடிக்கலாம். எங்கெங்கோ இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் விளையாடுவார்கள். நாம் கைப்பேசியை மூடி வைத்தாலும் அங்கே நேரம் ஓடிக்கொண்டேயிருக்கும்.

இவர் முதல் நாளே கையிலிருந்த அத்தனையையும் கொட்டிப் போர்க்கப்பல் கட்டினார். மறுநாள் யாரோ வந்து அத்தனையையும் நொறுக்கிவிட்டுப் போனார்கள். "இது சுத்த ஏமாத்து வேலை" என்று சொல்லிப் பழைய கைப்பேசியோடு தூக்கிப் போட்டுவிட்டார்.

நாத்தனார் அதை எடுத்துப் பார்த்தாள். "அண்ணா, இத நான் பாத்துக்கவா?"

"அதுல என்ன இருக்கு, ஒரே ஓட்டை ஒடசல்."

"இருக்கட்டும்."

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நானும் அவளும் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தோம். கைப்பேசி அவள் மடியில் இருந்தது. திரையைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டு நறுக்கினாள்.

"அப்படி என்னதான் பண்ற அதுல?" என்று அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டேன்.

"சுரங்கம்" என்றாள். சற்று யோசித்துவிட்டுத் தொடர்ந்தாள். "அண்ணா கப்பல்ல ஆரம்பிச்சாரு. அது தப்பு. கப்பல் தானா எதையும் சம்பாதிக்காது அண்ணி. மொதல்ல உலோகம், அப்பறம் படிகம். ரெண்டையும் இழுக்க மின்சாரம். மின்சாரம் பத்தலன்னா எல்லாச் சுரங்கமும் நொண்டும். அதனால சுரங்கத்த ஒரு படி ஏத்துறதுக்கு முன்னாடியே மின்நிலையத்த ஏத்திரணும்."

"அப்பறம்?"

"அப்பறம் எல்லாத்தையும் மறுபடி ஒரு படி ஏத்தணும்."

"போரடிக்கலயா?"

"வளருதே" என்றாள். ஒரு செடியைக் காட்டுவதுபோலத் திரையைத் திருப்பி என்னிடம் காட்டினாள்.

அங்கே அவள் பெயர் வெள்ளாவி. அவளே வைத்துக்கொண்டது.

சுரங்கம் வளர வளரக் கிடங்கு நிறைந்தது. கிடங்கு நிறைந்தால் கண்படும். வேலைக்குள் நுழையும்போது கைப்பேசியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒருவன் தினமும் வந்து வழித்துக்கொண்டு போனான். அவன் வைத்துக்கொண்டிருந்த பெயர் ஏழரை. பொருத்தமான பெயர்தான் என்று நான் சொன்னேன்.

வேறு யாராக இருந்தாலும் ஆத்திரத்தில் கப்பல் கட்டியிருப்பார்கள். இவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாளிலிருந்து, வேலைக்குக் கிளம்புமுன் கிடங்கில் இருப்பதையெல்லாம் செலவழித்துவிட ஆரம்பித்தாள். முடிய நெடுநேரம் பிடிக்கும் பெரிய கட்டுமானமாகப் பார்த்து அந்த நேரத்தில் தொடங்கிவிடுவாள். மிச்சமிருப்பதைச் சரக்குக் கப்பல்களில் ஏற்றி, இருக்கிற வேகங்களிலேயே குறைந்த வேகத்தில் எங்கேயாவது அனுப்பிவிடுவாள். கப்பல் வழியில் இருக்கும்வரை யாரும் தொட முடியாது. வேலை முடிந்து அவள் கைப்பேசியை எடுக்கும் நேரத்துக்கு அது பத்திரமாகத் திரும்பி வந்து நிற்கும்.

ஏழரை வந்தான். காலிக் கிடங்கைப் பார்த்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான். அதற்கு அடுத்த நாள் ஒரு தகவல் அனுப்பினான்.

"அண்ணே, உங்க கிடங்குல தூசி மட்டும்தான் இருக்கு. நான் வந்து போற எரிபொருளுக்காவது கட்டுப்படியாக வேணாமா?"

இவள் பதில் எழுதினாள். "அண்ணே இல்ல, அக்கான்னு வெச்சுக்குங்க. இவ்ளோ தூரம் வர்றீங்க, சொல்லிட்டு வந்தா ஏதாவது எடுத்து வெச்சிருப்பேன்ல."

கைப்பேசியை நீட்டி எனக்குக் காட்டினாள். நான் இரண்டு தடவை படித்தேன். இந்த நக்கல் எந்த மூலையில் ஒளிந்திருந்தது என்று புரியவில்லை.

அவன் அதற்குப் பிறகு கொள்ளையடிக்க வரவில்லை. பேச வந்தான். படை எதுவும் இல்லாமல் எப்படி இவ்வளவு வளர்ந்தாள் என்று கேட்டான். அவனிடம் பெரிய படை இருந்தது, ஆனால் சுரங்கம் எல்லாம் குழந்தைப் பருவத்திலேயே நின்றுபோயிருந்தது. நாள் முழுக்கக் கொள்ளையடித்தால்தான் படைக்கு எரிபொருள் போட முடியும் என்ற நிலை. "உங்க வீட்டுல பத்து காவல்காரன் இருக்கான், அடுப்பு பத்தவைக்க ஒரு ஆள் இல்ல" என்று எழுதினாள். அவன் மறுநாள், "எங்க ஆரம்பிக்கட்டும்?" என்று மட்டும் கேட்டான்.

குளிர்ந்த கிரகத்தில் எரிபொருள் நன்றாகச் சுரக்கும், சூரியனுக்குப் பக்கத்துக் கிரகத்தில் மின்சாரம் நன்றாக வரும், எதற்காக என்று முடிவுசெய்துவிட்டுத்தான் அடுத்த குடியேற்றத்துக்கு இடம்பிடிக்க வேண்டும் என்றெல்லாம் அவனுக்கு எழுதினாள். ஒருவரையொருவர் தாக்காமல் சேர்ந்து விளையாடுகிற ஒரு கூட்டணியில் அவன் இருந்தான், அங்கே இருந்தவர்களிடம் அதைக் காட்டினான். அவர்கள் அவளையே கூட்டணிக்குள் அழைத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிறவர்களையெல்லாம் வெள்ளாவி அக்காவிடம் அனுப்பிவைக்கும் வழக்கம் வந்தது. அடிவாங்கிவிட்டுப் பழிதீர்க்கத் துடித்த ஒருவனுக்கு அவள் எழுதியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "அந்த உலோகத்துல ஒரு சுரங்கத்த ஏத்துங்க தம்பி. கோவம் எப்படியும் ஆறிரும். ஆறினப்பறம் சுரங்கமாவது மிச்சமிருக்கும்."

சாயங்காலங்களில் அவள் கூடத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டேயிருப்பாள். சிரிப்பாள். கட்டைவிரல் ஓயாது. எழுத்தில் பேசும்போது யார் சொன்னதும் அவளுக்குத் தப்பவில்லை. யாரையும் இரண்டாவது தடவை சொல்லச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இத்தனை வருஷம் இந்தப் பேச்சையெல்லாம் எங்கே வைத்திருந்தாள் என்று நினைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஏழரையைப் பற்றிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தது. அவர் நெடுஞ்சாலையோரம் ஓர் எடைமேடையில் வேலை பார்ப்பவர். பாரம் ஏற்றிய லாரிகள் வந்து நிற்கும், எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். அடுத்த லாரி வரும்வரை விளையாடுவார். மனைவி போய்ப் பல வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை. "நீங்க", "வாங்க" என்றுதான் இருவரும் எழுதிக்கொள்வார்கள். அதில் ஒளிக்க ஒன்றும் இல்லாததால் அவள் கைப்பேசியை என் பக்கத்திலேயே போட்டுவிட்டுக் குளிக்கப் போவாள்.

ஒருநாள் ஏழரை வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவருடைய போர்க்கப்பல்கள் சும்மா நின்றிருந்தன. யாரோ வந்து அவற்றைப் பொடிப்பொடியாக்கினார்கள்.

"சொல்லாம போற ஆளில்ல அண்ணி" என்றாள். "ஊருக்குப் போறதா இருந்தா விடுப்பு போட்டுட்டுப் போவாரு. விடுப்பு போட்டா சுரங்கம் நிக்கும், ஆனா யாரும் அடிக்க முடியாது. அதக்கூடப் போடல."

"ஒடம்பு சரியில்லயோ என்னவோ."

அதை எத்தனை தடவை யோசித்திருந்தாளோ, மறுபடியும் அவர் கிரகத்தைத் திறந்து பார்த்தாள்.

கப்பல்கள் போனாலும் சுரங்கங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் சொல்லித்தந்து அவர் வளர்த்த சுரங்கங்கள். அவை தோண்டியது கிடங்கில் சேரச் சேர, வழியில் போகிற ஒவ்வொருவனும் வந்து அள்ளினான். அவருக்குப் பொருள் அனுப்பிப் பயனில்லை, அதையும் அள்ளுவார்கள். அவருடைய கிடங்கைப் பூட்டுகிற வசதியும் அந்த விளையாட்டில் கிடையாது.

கடைசியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகச் சில போர்க்கப்பல்கள் கட்டினாள். கூடவே நிறையச் சரக்குக் கப்பல்கள். மற்றவர்கள் வருமுன் அவளே போய் ஏழரையைக் கொள்ளையடித்தாள்.

ஒரு தாக்குதலில் இருப்பதில் பாதியைத்தான் அள்ள முடியும் என்பது அங்கே விதி. அதனால் திரும்பத் திரும்பப் போனாள். வேலைக்குப் போகும் முன் ஒருமுறை, சாப்பாட்டு இடைவேளையில் அலமாரிக்கு ஓடி ஒருமுறை, வீட்டுக்கு வந்ததும் ஒருமுறை. பிறகு வந்தவர்களெல்லாம் காலிக் கிடங்கைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கூட்டணிக்காரனைக் கூட்டணிக்காரன் தாக்கக் கூடாது. விஷயம் வெளியே வந்ததும் தலைவராக இருந்தவர் எல்லாரும் பார்க்கும்படி கேட்டார். "ஆள் இல்லாத வீட்டுல திருடுறீங்களா அக்கா?"

"காரணம் இருக்கு. இப்ப சொல்ல முடியாது" என்று எழுதினாள்.

கூட்டணியிலிருந்து அவளை நீக்கிவிட்டார்கள். அவள் கைதூக்கிவிட்ட பிள்ளைகளில் சிலர்கூட ஏதேதோ எழுதினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வாயத் தொறந்து சொல்லேன். அவருக்காகத்தான் எடுத்து வெச்சிருக்கேன்னு."

"சொன்னா அவ்ளோ சரக்கும் என்கிட்டதான் இருக்குன்னு நாலு பேருக்குத் தெரியும். அந்தக் கூட்டணிக்குள்ள சொல்ற எதுவும் அங்கயே நிக்காது. நாளைக்கே பெரிய படையா வந்து நிப்பாங்க."

"அதுக்காகத் திருடின்னு பேர் வாங்குவியா?"

"பேர்தானே" என்றாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. பேசுவதற்கு அவளுக்கு இருந்தது அந்த ஒரு இடம்தான். அதுவும் மூடிவிட்டது.

அதற்குப் பிறகு அவள் தன்னுடைய சுரங்கங்களைக் கவனிக்கவே இல்லை. ஏழரையின் சரக்கைக் கப்பல்களில் ஏற்றி இங்குமங்குமாக ஓட்டிக்கொண்டேயிருந்தாள். கீழே இறக்கினால் ஆபத்து. சொந்த எரிபொருளெல்லாம் அதற்கே போனது. வீட்டில் மறுபடியும் அந்த மூன்று வார்த்தைகளுக்குத் திரும்பியிருந்தாள். என் வீட்டுக்காரர்கூடக் கவனித்துவிட்டு, "என்ன ஆச்சு இவளுக்கு?" என்று என்னிடம் கேட்டார். "உங்க விளையாட்டு" என்றேன்.

கோடை முடியும் சமயத்தில், நாங்கள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசி மடியில் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தவள் அப்படியே என்னிடம் கொடுத்தாள்.

ஏழரை எழுதியிருந்தார். ஒரே ஒரு வார்த்தை. "நீங்களுமா?"

திரும்பி வந்தவருக்கு முதலில் கண்ணில் பட்டவை தாக்குதல் அறிக்கைகள். அவற்றில் பெரும்பாலானவற்றில் ஒரே பெயர், வெள்ளாவி.

அவள் என்னிடமிருந்து கைப்பேசியை வாங்கினாள். "நல்லா இருக்கீங்களா?" என்று முதலில் எழுதினாள். அடுத்த வரி: "கிடங்கப் பெரிசு பண்ணி வைங்க. இப்ப இருக்கிறதுல எடம் பத்தாது."

அன்று மாலைக்குள் அவளுடைய சரக்குக் கப்பல்கள் ஒவ்வொன்றாக அவர் கிரகத்தில் போய் இறங்கின. அள்ளியது மொத்தமும் இருந்தது, தன் கையிலிருந்ததும் கொஞ்சம் சேர்த்திருந்தாள்.

அன்று இரவு அவருடைய பதில் வந்தது. பின்னோக்கி நகர்ந்த ஒரு லாரி எடைமேடையின் சின்ன அறையை இடித்துச் சுவர் சரிந்ததாம். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். கைப்பேசி அந்தச் சுவருக்கடியில் போய்விட்டது. "படுத்திருக்கப்ப எல்லாம் போயிருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். நீங்க ஒருத்தங்க எனக்காகத் திருடிக்கிட்டு இருந்தீங்கன்னு தெரியாது" என்று எழுதியிருந்தார்.

கூட்டணியில் அவரே போய் விஷயத்தைச் சொன்னார். தலைவர் மன்னிப்புக் கேட்டு அவளைத் திரும்ப அழைத்தார். சில தம்பிமார்கள் எரிபொருள் அனுப்பிவைத்தார்கள். அவளுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் அப்போது அவள் வேறொரு கவலையில் இருந்தாள். ஏழரை அவளுடைய எண்ணைக் கேட்டிருந்தார். ஒருதடவை குரலைக் கேட்க வேண்டும் என்றார்.

"வேணாம்னு போட்டுட்டேன் அண்ணி."

"ஏன்?"

"போன்ல எனக்கு ஒண்ணும் புரியாது. அவர் ஒண்ணு கேப்பாரு, நான் ஒண்ணு சொல்வேன்."

"அதச் சொன்னியா?"

இல்லை என்று தலையாட்டினாள். மனிதர் அதற்குப் பிறகு சுருங்கிப்போயிருந்தார். தேவைக்கு மட்டும் எழுதினார். நான் அவளை உட்காரவைத்து, அவள் முகத்தைப் பிடித்து என் பக்கம் திருப்பிச் சொன்னேன். "காரணம் இப்ப சொல்ல முடியாதுன்னு ஒரு தடவை இருந்து பாத்தாச்சு. இந்தத் தடவை சொல்லிரு."

அரைமணி நேரம் எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் அனுப்பியது ஒரே வரி. "எனக்குக் காது சரியா கேக்காதுங்க."

பதில் உடனே வந்தது. "எனக்கு மெதுவா பேச வராதுங்க. லாரிக்காரங்ககிட்ட இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தியே பழகிப்போச்சு. எங்க அக்கா என்னைக் கல்யாண வீடு எதுக்கும் கூட்டிட்டுப் போறதில்ல."

அவள் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் உள்ளறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

ரயில் நிலையத்துக்கு எதிரிலிருந்த ஒரு டீக்கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. துணைக்கு நானும் போனேன். அவள் இருந்ததிலேயே சாதாரணமான புடவையைக் கட்டிக்கொண்டு, மூன்று தடவை தலை வாரினாள். அவர் ஊன்றுகோலோடு வந்தார். கனத்த உருவம், நரைத்த மீசை, கூச்சம் நிறைந்த முகம். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் தூரத்திலிருந்தே, "வெள்ளாவி அக்காவா?" என்றார்.

கடையே திரும்பிப் பார்த்தது. கல்லாவில் இருந்தவர் யாரோ சண்டைக்கு வந்துவிட்டார்கள் என்று எழுந்து நின்றார். அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் நாத்தனாரைப் பார்த்தேன். யாராவது பேச ஆரம்பித்தால் அவள் உடம்பு தானாக முன்னால் சாயும், கண் வாயைத் தேடும். அன்றைக்குச் சாயவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தபடியே, "அக்கா இல்ல. உங்களவிட ரெண்டு மூணு வயசு சின்னவதான் இருப்பேன்" என்றாள்.

"அப்ப எதுக்கு அக்கான்னு சொல்லச் சொன்னீங்க?"

"கொள்ளையடிக்க வந்தவரு கொஞ்சம் மரியாதையா இருக்கட்டுமேன்னுதான்."

நான் எழுந்து, தண்ணீர் வாங்கிவருவதாகச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன். தண்ணீர் மேசையிலேயே இருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

அந்த வருஷ முடிவில் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அவருடைய அக்காவும் வந்திருந்தார். கையெழுத்துப் போடும்போது தம்பியின் கையைத் தட்டி, "மெதுவா பேசுடா" என்றார். "மெதுவாப் பேசினா பொண்டாட்டிக்குக் கேக்காதுக்கா" என்று அவர் அறை அதிரச் சொன்னார்.

இப்போது அவர்கள் எடைமேடைக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில் ஒரு சின்ன வீட்டில் இருக்கிறார்கள். அவள் இன்னும் அதே ஹோட்டலுக்குத்தான் வேலைக்குப் போகிறாள். காதில் பஞ்சு அடைத்துக்கொள்ளாமல் உள்ளே நுழைய அவர் விடுவதில்லை. அவருக்குக் கால் முழுசாகச் சரியாகவில்லை, மழைக்காலத்தில் நொண்டுவார். இவள் இல்லாத வீடு எனக்குத்தான் பழகவில்லை. பீன்ஸை நறுக்க உட்கார்ந்தால் எதிர்ப்பக்கம் வெறிச்சென்று இருக்கிறது.

போன வாரம் பார்க்கப் போயிருந்தேன். மாடிப்படியில் பாதி ஏறும்போதே உள்ளே சத்தம் கேட்டது. ஒன்பதாவது குடியேற்றத்தை எங்கே வைப்பது என்று சண்டை. அவர் எதிரிக்குப் பக்கத்தில் வைத்துப் படை நிறுத்த வேண்டும் என்கிறார். இவள் குளிர்ந்த மூலையில் வைத்து எரிபொருள் எடுக்க வேண்டும் என்கிறாள். அவர் குரல் ஒரு பங்கு என்றால் இவள் குரல் இரண்டு பங்கு. "நீங்க பேசாதீங்க, நான் முடிச்சுக்கறேன்" என்று கத்திவிட்டு, முடிக்காமல் பேசிக்கொண்டேயிருந்தாள்.

கீழ்வீட்டு அம்மா கதவைத் திறந்து என்னைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "தினமும் இப்படித்தாங்க. நீங்களாவது கொஞ்சம் சொல்லக் கூடாதா?"

"சொல்றேங்க" என்றேன்.

அவர் கதவைச் சாத்தியதும் அந்தப் படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். பையில் கொண்டுவந்த பழங்களை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பேசி முடிக்கட்டும் என்று இருந்தேன்.